வெல்லம் வரும் முன்னே கொல்கத்தா போய்விடாதீர்கள்

முதல் தடவை நான் கொல்கத்தா போனது நவம்பர் இரண்டாம் வாரம். பூஜைக் கூட்டம் ஓய்ந்திருக்கும், வெயில் தணிந்திருக்கும், புது ஈச்ச வெல்லத்தில் செய்த சந்தேஷ் என்ற பால் இனிப்பைக் கடை கடையாக ஏறி இறங்கிச் சாப்பிடலாம் என்பது என் கணக்கு. வட கொல்கத்தாவில் ஒரு பழைய மிட்டாய்க் கடையில் ஆசையாகக் கேட்டேன். கல்லாவில் இருந்த பெரியவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "இன்னும் பனியே விழவில்லை தாதா, வெல்லம் எங்கிருந்து வரும்? பத்து நாள் கழித்து வாருங்கள்" என்றார். (அங்கே தாதா என்றால் அண்ணன். பயப்பட வேண்டாம்.) எனக்கோ மூன்றாம் நாள் திரும்பும் ரயில். அடுத்த தெருவில் இன்னொரு கடைக்காரர் "ஓ, இருக்கே" என்று உடனே எடுத்துக் கொடுத்தார். பழுப்பு நிறம் இருந்தது, இனிப்பு இருந்தது, வெல்ல வாசனையைத்தான் காணோம்.

கொல்கத்தாவில் எதைப் பார்ப்பது, எதைச் சாப்பிடுவது என்பதற்குப் பட்டியல் ஆயிரம் கிடைக்கும். நம் ஆட்கள் கோட்டை விடுவது பெரும்பாலும் நேரத்தில்: எந்த வாரம், என்ன கிழமை, எத்தனை மணி. நான் செய்தவை, கூட வந்தவர்கள் செய்தவை என்று சிலவற்றைச் சொல்கிறேன்.

நம்மூர் மழையை வைத்துக் கணக்குப் போடுவது

வங்காளிகளுக்கும் நம்மைப் போலவே வருஷத்துக்கு ஆறு பருவம். அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் நடு வரை அவர்களுக்கு ஹேமந்தம். அதே நாட்களில்தான் நமக்கு ஐப்பசி, கார்த்திகை அடைமழை. சென்னையில் குடையோடு திரிகிறவர்கள் அங்கேயும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்து டிசம்பர் கடைசிக்குத் தள்ளிப் போட்டுவிடுகிறார்கள். கொல்கத்தாவில் தென்மேற்குப் பருவமழை அக்டோபர் நடுவிலேயே விடைபெற்றுவிடும். வங்கக் கடலில் புயல் ஏதும் கிளம்பாதவரை நவம்பர் கடைசி காய்ந்த காலம்தான். பகலில் 28, 29 டிகிரி, விடியற்காலையில் 17, 18. நம்மூர் மார்கழியைவிடக் கொஞ்சம் குளிர்ச்சி, அவ்வளவுதான்.

டிசம்பர் கடைசிக்குத் தள்ளினால் பார்க் ஸ்ட்ரீட் கிறிஸ்துமஸ் கூட்டத்தில் மாட்டிக்கொள்வீர்கள். ஓட்டல் வாடகையும் ஏறியிருக்கும். என்னைக் கேட்டால் நவம்பர் 25 தாண்டி டிசம்பர் 15க்குள் போய்விட்டு வந்துவிடுங்கள். ஹேமந்தத்தின் வால் பகுதி அது. வெயிலும் இல்லை, நடுக்கமும் இல்லை.

உடுப்பில் இரண்டு பக்கமும் தவறு நடக்கிறது. ஒரு பெட்டி நிறைய ஸ்வெட்டர் கொண்டுபோனவரையும் பார்த்திருக்கிறேன், பருத்திச் சட்டை மட்டும் போதும் என்று போய் அதிகாலையில் நடுங்கியவரையும் பார்த்திருக்கிறேன். ஒரு மெல்லிய ஸ்வெட்டர், காதுக்கு ஒரு துண்டு, சரி. ஊர்க்காரர்கள் 20 டிகிரிக்கே கம்பளிக் குரங்குக் குல்லாய் மாட்டிக்கொண்டு திரிவார்கள், அதைப் பார்த்துக் கலங்காதீர்கள். ஆனால் காற்று விஷயத்தில் அலட்சியம் வேண்டாம். மழை நின்று குளிர் இறங்கியதும் புகையும் தூசியும் தரையோடு தங்கிவிடும். மூச்சிரைப்பு உள்ளவர்கள் மாத்திரை, முகக்கவசம் எல்லாம் எடுத்துக்கொண்டுதான் போக வேண்டும்.

வெல்லத்தின் நாளைத் தெரிந்துகொள்ளாமல் போவது

என் தவறு இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நமக்குப் பதநீர் வெயில் காலத்துச் சரக்கு. பனையின் பாளையைச் சீவிக் கலயம் கட்டுவோம், புளிக்காமல் இருக்க உள்ளே சுண்ணாம்பு தடவுவோம். வங்காளத்தில் ஈச்ச மரம். பாளையை விட்டுவிட்டு, கொண்டைக்குக் கீழே தண்டின் ஒரு பக்கத்தையே சீவி, மூங்கில் குழாய் செருகி, மண்பானை தொங்கவிடுவார்கள். சாயங்காலம் கட்டினால் விடியும் முன் இறக்க வேண்டும். சாறு புளிக்காமல் பார்த்துக்கொள்வது பெரும்பாலும் குளிர்தான். இரவு வெதுவெதுப்பாக இருந்தால் விடிவதற்குள் சாறு கலங்கிப் புளிப்பு வாடை அடிக்கும். அதைக் காய்ச்சினால் நல்ல வெல்லம் வராது. பெரியவர் பனி விழவில்லை என்று சொன்னதன் பொருள் இது.

மரம் ஏறுகிற ஷியூலிகள் ஒரே மரத்தைத் தினமும் சீவுவதில்லை. இரண்டு மூன்று நாள் மரத்துக்கு ஓய்வு கொடுப்பார்கள். ஓய்வுக்குப் பிறகு இறங்கும் முதல் சாற்றுக்கு 'ஜிரேன்' என்று தனிப் பெயர், தனி மரியாதை. அதைக் காய்ச்சி எடுப்பதுதான் நல்ல நொலேன் குர், அதாவது புது வெல்லம். பாகாக இருந்தால் ஜோலா குர், அச்சில் ஊற்றி இறுகவிட்டால் பாட்டாலி. பாட்டாலியை வாங்கும்போது விரல் நகத்தால் ஓரத்தைக் கிள்ளிப் பாருங்கள். மெத்தென்று உதிர்ந்து புகைவாசம் வந்தால் வாங்கலாம். கல் மாதிரி இருந்து, உடைத்த இடம் பளபளவென்று மின்னினால் சர்க்கரை கலந்திருக்கிறது என்று சந்தேகப்படலாம். பருவத் தொடக்கத்தில், கிராக்கி அதிகமாகி வரத்துக் குறைவாக இருக்கும் வாரங்களில், இந்தக் கலப்படம் சகஜம். எனக்கு அன்று கிடைத்த பழுப்பு சந்தேஷும் இந்த வகையாகத்தான் இருக்கும்.

கிராமப் பக்கம் போனால் பச்சைச் சாற்றை ஒரு குவளை நீட்டுவார்கள். பதநீர் நினைப்பில் வாங்கிக் குடித்துவிடாதீர்கள். இரவெல்லாம் திறந்திருக்கும் பானையில் பழந்தின்னி வௌவால்கள் வந்து வாய் வைக்கும். வங்கதேசத்தில் நிபா வைரஸ் மனிதருக்குப் பரவிய முக்கிய வழிகளில் ஒன்று இந்தப் பச்சைச் சாறு. நன்றாகக் காய்ச்சிய வெல்லத்துக்கு அந்தப் பயம் இல்லை.

வெல்லத்தோடு சேர்ந்து வருவது ஜெயநகர் மோவா. 2015இல் புவிசார் குறியீடு வாங்கிய பண்டம். கனகசூர் என்ற மணமுள்ள நெல்லைப் பொரித்து, புது வெல்லத்தில் உருட்டி, நெய்யும் முந்திரியும் சேர்ப்பார்கள். நாம் கார்த்திகை தீபத்துக்கு நெல்பொரி உருண்டை பிடிக்கும் அதே நாட்களில் அங்கே மோவா பிடிக்கிறார்கள். நம் உருண்டை கடிக்க வேண்டும், அது வாயில் போட்டதும் கரையும். ஊர் முழுக்க எல்லாப் பெட்டியிலும் ஜெயநகர் என்றுதான் அச்சடித்திருக்கும். அச்சை நம்பாமல் ஒன்றை வாயில் போட்டுப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

நவம்பரில் இலிஷ் கேட்பது

வங்காளம் என்றால் இலிஷ் மீன், அதாவது ஹில்சா, என்று ஆகிவிட்டது. அது மழைக்கால மீன். ஜூலை முதல் செப்டம்பர் வரைதான் அதன் ராஜ்யம். கிழக்கு வங்கத்திலிருந்து வந்த குடும்பங்கள் பலவற்றில் விஜயதசமி தாண்டினால் சரஸ்வதி பூஜை வரை இலிஷைத் தொடுவதில்லை என்ற வழக்கமே உண்டு. நவம்பர் கடைசியில் கேட்டாலும் இல்லை என்று சொல்ல மாட்டார்கள், குளிர்பெட்டியில் இருந்ததை எடுத்துச் சமைத்து, விலையும் கூடப் போட்டுக் கொடுப்பார்கள். அதற்குப் பதில் கடுகு அரைத்துப் பூசி வாழையிலையில் சுருட்டிய பேட்கி கேளுங்கள், நம் கொடுவா மீன்தான். இன்னொன்று, புதுக் காலிஃபிளவர் போட்ட கொய் மீன் குழம்பு. கொய் என்றால் நம் பனையேறிக் கெண்டை. காலிஃபிளவர் வந்துவிட்டால் அந்த ஊர்ச் சமோசாவான சிங்காடாவுக்கு உள்ளேயும் அதுதான், கூடவே வேர்க்கடலை. சாயங்காலம் சட்டியிலிருந்து இறக்கிய சூட்டில் சாப்பிட்டுப் பாருங்கள்.

சைவக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பருப்பு, முட்டைக்கோஸ் பொரியல் என்று சாதுவாகத் தெரிவதில் மீன் தலை கிடக்கலாம், அங்கே அது சகஜம். 'நிராமிஷ்' என்று கேளுங்கள். வெங்காயம், பூண்டுகூடப் பெரும்பாலும் இருக்காது. வாழைப்பூ மொச்சார் கொண்ட்டோ, கசகசா அரைத்த ஆலு போஸ்தோ, தேங்காய்ப் பல் போட்ட கடலைப்பருப்பு எல்லாம் நம் நாக்குக்கு எளிதில் பழகிவிடும்.

ஐந்து மணிக்கு விளக்கேற்றும் ஊர்

இது பலருக்கு உறைப்பதே இல்லை. கடிகாரம் ஒன்றுதான், ஆனால் கொல்கத்தா நமக்குக் கிழக்கே வெகு தூரம், வடக்கேயும் தள்ளி. நவம்பர் கடைசியில் சென்னையில் சூரியன் 5:40 வாக்கில் மறைகிறது என்றால் அங்கே 4:50. காலையில் ஓட்டலில் பூரி சாப்பிட்டு, நிதானமாகக் குளித்துப் பத்தரைக்குக் கிளம்பி, மதியம் ஒரு தூக்கமும் போட்டால் அன்றைய வெளிச்சம் போயே போச்சு. ஹூக்ளியில் படகு, குமர்துலியில் களிமண் பொம்மைகள், மல்லிக் காட் பூச்சந்தை எல்லாவற்றையும் காலையிலேயே முடித்துவிடுங்கள். பூச்சந்தைக்கு ஆறு மணிக்கே போகலாம், விடிந்திருக்கும்.

டிரெட்டா பஜார் சீனச் சிற்றுண்டியும் அப்படித்தான். போத்தார் கோர்ட் பக்கம் தெருவோரத்தில் ஆவி பறக்கும் பாவ் (உள்ளே பூரணம் வைத்த சீன பன்), மீன் உருண்டை சூப், மோமோ. ஞாயிற்றுக்கிழமை களைகட்டும். எட்டரைக்குப் போனால் காலிப் பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பார்கள். நான் அதையும் பார்த்திருக்கிறேன்.

மதியச் சாப்பாட்டுக்குப் பைஸ் ஹோட்டல்கள். காலணாவுக்குச் சோறு போட்ட காலத்துப் பெயர். காலேஜ் ஸ்ட்ரீட் பக்கத்துச் சந்தில் சுவாதீன் பாரத், நியூ மார்க்கெட் பக்கம் சித்தேஸ்வரி ஆசிரமம், ராஷ்பிஹாரியில் தருண் நிகேதன். பன்னிரண்டரைக்கு உட்கார்ந்துவிட வேண்டும். இரண்டு மணிக்குமேல் கரும்பலகையில் எழுதியதில் பாதி தீர்ந்திருக்கும். வாழையிலைக்கும் எலுமிச்சைத் துண்டுக்கும் தனிக் காசு என்றால் ஏமாற்றுவதாக நினைக்காதீர்கள், கணக்கே அப்படித்தான். நாம் சாம்பார், ரசம், மோர் என்று வரிசை பிடிப்பது போல அங்கே முதலில் கசப்பு, பிறகு பருப்பு, காய், மீன், கடைசியில் இனிப்புச் சட்னி. எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டிப் பிசைந்தால் பரிமாறுகிறவர் முகம் வாடும்.

கிழமை பார்க்காமல் போவது சின்னத் தவறு, ஆனால் ஒரு நாளைத் தின்றுவிடும். இந்திய அருங்காட்சியகமும் விக்டோரியா மண்டபத்தின் காட்சிக்கூடமும் திங்கள் விடுமுறை. காலேஜ் ஸ்ட்ரீட் புத்தகக் கடைகள் பெரும்பாலும் ஞாயிறன்று சாத்தியிருக்கும். தட்சிணேஸ்வரமும் பேலூர் மடமும் மதியம் நடை சாத்திவிடும்.

லேக் மார்க்கெட்டைக் கண்டுபிடித்துவிட்டு அங்கேயே தங்கிவிடுகிறவர்களும் உண்டு. தமிழர்கள் தலைமுறைகளாக வாழும் பகுதி. ஃபில்டர் காபித் தூள், கட்டிய பூ, இட்லி எல்லாம் கிடைக்கும். வயிறு தகராறு செய்தால் ஒரு வேளை போய் வாருங்கள். மூன்று நாள் பயணத்தில் மூன்று வேளையும் அங்கேயே என்றால் மயிலாப்பூருக்கே போயிருக்கலாம்.

போக வர

கோரமண்டல் எக்ஸ்பிரஸ் இப்போது ஹௌராவுக்குப் போவதில்லை, ஷாலிமாரில் நின்றுவிடும். ஹௌராவில் இறங்குவதாக நினைத்து ஓட்டல் பிடித்தால் முதல் அரை மணி நேரம் டாக்ஸிக்காரரோடு பேரம்தான். ஹௌராவில் இறங்குகிறவர்களுக்கு 2024 மார்ச் முதல் ஆற்றுக்கு அடியிலேயே மெட்ரோ ஓடுகிறது, ஊர் நடுவிலுள்ள எஸ்பிளனேட் வந்துவிடலாம். விமானத்தில் வருகிறவர்களுக்கும் 2025 ஆகஸ்டிலிருந்து விமான நிலையத்திலேயே மெட்ரோ இருக்கிறது.

திரும்பும் நாளுக்கு அடுத்த நாள் முக்கியமான வேலை எதுவும் வைத்துக்கொள்ளாதீர்கள். கொல்கத்தா வானம் தெளிவாக இருந்தாலும் வழியில் ஆந்திரக் கரை இருக்கிறது, போய்ச் சேரும் இடத்தில் நம்மூர் புயல் இருக்கிறது. 2023 டிசம்பர் 4 அன்று மிக்ஜாம் புயலில் சென்னை விமான நிலையத்தையே மூடிவிட்டார்கள்.

வாங்கி வருவதிலும் ஒரு விஷயம். சந்தேஷில் நரம் பாக், கடா பாக் என்று இரண்டு வகை. நரம் என்றால் மென்மையானது, கடையிலேயே நின்று சாப்பிட வேண்டியது, ரயிலில் ஒரு பகலும் ஓர் இரவும் தாங்காது. ஊருக்குக் கட்டச் சொன்னால் கடா பாக் கேளுங்கள், இறுகலாக இருக்கும், வழியில் கெடாது. ஜோலா குரைக் கண்ணாடி ஜாடியில் வாங்கி மூடியை இறுக்கி மேல் பெர்த்தில் வைத்தார் கூட வந்த நண்பர் ஒருவர். கொஞ்சம் வெப்பம் பட்டதும் உள்ளே நுரைத்துக்கொண்டு, விஜயவாடா தாண்டும்போது மூடி கழன்றுவிட்டது. கீழ் பெர்த் அம்மா அதை விரலில் தொட்டு நக்கிப் பார்த்து, "நல்ல வெல்லமாச்சே, வீணாக்கிட்டீங்களே தம்பி" என்றார். பாட்டாலியாக வாங்கியிருக்க வேண்டும்.