கணக்கெழுதும் மேசைக்குப் பெரிய மானிட்டர்: கம்பம், போடி, குமுளிப் பக்கத்து அலுவலகங்களுக்கு

போடிநாயக்கனூரிலோ கேரளத்துப் புற்றடியிலோ ஏலக்காய் மின்னணு ஏலம் முடிந்த மாலை, வியாபாரி அலுவலகத்தில் நான்கு வேலைகள் ஒரே நேரத்தில் ஓடும். லாட் (ஏலத்துக்கு வரும் சரக்குத் தொகுதி) பட்டியல் எக்செலில், பேரேடு கணக்கு மென்பொருளான டாலியில், சரக்கு அனுப்பத் தேவையான இ-வே பில் பிரவுசரில், வாங்கியவரின் முகவரி வாட்ஸ்அப்பில் இருக்கும். 22 அங்குல ஸ்கிரீனில் இந்த நான்கும் ஒன்றையொன்று மூடிக்கொள்ளும். லாட் எண்ணை மனதில் வைத்துக்கொண்டு அடுத்த விண்டோவுக்குத் தாவும்போதுதான் எண் மாறி விழுகிறது. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் திறந்திருந்தால் அந்தத் தாவல் தேவைப்படாது.

ஆனால் அங்குலத்தை மட்டும் பார்த்து வாங்கக் கூடாது. கணினியின் போர்ட் (கேபிள் மாட்டும் துளை), மேசையின் ஆழம், எழுத்தின் அளவு ஆகிய மூன்றையும் இந்த வரிசையிலேயே பார்த்துவிட்டுத்தான் கடைக்குப் போக வேண்டும்.

முதலில் கணினியின் பின்பக்கம்

4கே மானிட்டர் என்றால் 3840 × 2160 புள்ளிகள் (பிக்செல்), அதாவது சாதாரண ஃபுல் எச்டியைப் போல நான்கு மடங்கு. அத்தனை புள்ளிகளை நொடிக்கு 60 முறை அனுப்ப டிஸ்பிளேபோர்ட் 1.2 அல்லது எச்டிஎம்ஐ 2.0 வேண்டும். எச்டிஎம்ஐ 1.4 போர்ட்டிலும் 4கே வரும், ஆனால் 30 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 30 முறைதான். மவுஸ் அம்பு இழுத்து இழுத்து நகரும், பட்டியலை உருட்டினால் வரிகள் தடுமாறும். புது மானிட்டரே பழுது என்று திருப்பிக் கொடுக்கப் போகிறவர்கள் பலருக்கும் உண்மையான காரணம் இதுதான்.

இன்டெல் பத்தாம் தலைமுறை வரையிலான டெஸ்க்டாப்களில், தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாவிட்டால், பெரும்பாலும் எச்டிஎம்ஐ 1.4 தான் இருக்கும். அதே கணினியில் டிஸ்பிளேபோர்ட்டும் இருந்தால் கவலையில்லை, அதில் மாட்டுங்கள். விலை குறைந்த டிஸ்பிளேபோர்ட்–எச்டிஎம்ஐ கன்வெர்ட்டரை நடுவில் செருகினால் மறுபடி 30 ஹெர்ட்ஸுக்கோ அதற்கும் கீழேயோ இறங்கிவிடும். 4கே 60 ஹெர்ட்ஸ் என்று போட்ட ஆக்டிவ் வகை (உள்ளே தனிச் சிப் உள்ள) கன்வெர்ட்டர் வேண்டும், அல்லது இரு முனையும் டிஸ்பிளேபோர்ட்டாக உள்ள கேபிளே போதும். பழைய விஜிஏ போர்ட் மட்டும் உள்ள கணினிக்கு 4கே மானிட்டர் வாங்குவது வீண். லேப்டாப்பின் யுஎஸ்பி சி துளையும் எல்லாமே படம் அனுப்பாது. சிலவற்றில் சார்ஜும் டேட்டாவும் மட்டுமே. மாடல் பெயரைப் போட்டு, அந்தத் துளை டிஸ்பிளேபோர்ட் ஆல்ட் மோடுக்கு (யுஎஸ்பி சி வழியே படம் அனுப்பும் முறை) ஒத்துவருமா என்று நிறுவனத்தின் விவரப் பக்கத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். ஒத்துவந்து, அந்தத் துளை சார்ஜையும் ஏற்குமானால் ஒரே கேபிளில் படமும் சார்ஜும் போகும். அதற்கு மானிட்டர் 65 வாட்டாவது கொடுக்க வேண்டும்.

பிறகு மேசை

32 அங்குல மானிட்டரின் திரை ஏறக்குறைய 71 செ.மீ. அகலம், 40 செ.மீ. உயரம். இதைக் கழுத்தைத் திருப்பாமல் பார்க்கக் கண்ணுக்கும் திரைக்கும் 70 முதல் 80 செ.மீ. இடைவெளி வேண்டும். நம் அலுவலகங்களில் இரண்டடி ஆழ மேசைகள்தான் நிறைய. இரண்டடி என்றால் 60 செ.மீ. மானிட்டரின் ஸ்டாண்டே அதில் 20 செ.மீ.க்கு மேல் தின்றுவிடும், திரை முகத்துக்கு நேராக வந்து நிற்கும். அப்படிப்பட்ட மேசைக்கு இரண்டு வழி. 27 அங்குலத்தோடு நிறுத்திக்கொள்வது ஒன்று. மேசை விளிம்பில் கவ்வும் மானிட்டர் ஆர்ம் வாங்கி, திரையைச் சுவரோரமாகத் தள்ளுவது இன்னொன்று. ஆர்ம் வாங்குவதானால் மானிட்டரின் முதுகில் ஆர்மைத் திருகுவதற்கான 100 × 100 மி.மீ. வேசா துளைகள் இருக்கின்றனவா, ஸ்டாண்டு நீங்கலான எடையை ஆர்ம் தாங்குமா என்று பாருங்கள். கண்ணாடி மேல்தளம் போட்ட மேசையில் ஆர்மைக் கவ்வ வைக்காதீர்கள், கண்ணாடி விரிசல் விடும்.

ஸ்டாண்டிலேயே விடுவதானால் உயரம் ஏற்றி இறக்கும் வகையாக எடுங்கள். திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்தில் அல்லது கொஞ்சம் கீழே இருக்க வேண்டும். பைஃபோகல் கண்ணாடி போட்டவர் உட்காரும் மேசை என்றால் இன்னும் இறக்குங்கள். இல்லாவிட்டால் அவர் நாள் முழுதும் மோவாயைத் தூக்கிக்கொண்டே படிப்பார், மாலையில் பிடரி வலிக்கும்.

எழுத்து எவ்வளவு கூர்மை

ஒரு அங்குலத்துக்கு எத்தனை புள்ளிகள் என்பதுதான் கூர்மை. 24 அங்குல ஃபுல் எச்டியில் 92, 27 அங்குல 2560 × 1440-இல் 109, 32 அங்குல 4கே-இல் 138, 27 அங்குல 4கே-இல் 163. 32 அங்குலத்தில் வெறும் ஃபுல் எச்டி என்றால் 69 மட்டுமே. விலை குறைவு என்று கடைக்காரர் அதைத்தான் முதலில் காட்டுவார். கணக்கு வேலைக்கு அதை எடுக்கவே எடுக்காதீர்கள்: இடமும் அதிகம் கிடைக்காது, எழுத்தும் படிக்கட்டு படிக்கட்டாகத் தெரியும்.

தமிழ்நாடு–கேரள எல்லைப் பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கூர்மை இன்னும் முக்கியம். தமிழ் முகவரியும் மலையாள முகவரியும் ஒரே தாளில் வரும். தமிழில் மெய்யெழுத்தின் புள்ளி, மலையாளத்தில் சந்திரக்கலை (எழுத்தின் மேல் வரும் சிறு வளைவு), இரண்டு எழுத்துமுறையிலும் சுழிகள், மலையாளத்தில் அடுக்கிய கூட்டெழுத்துகள் வேறு. எழுத்தின் அளவு 10 பாயிண்ட் என்றால், அங்குலத்துக்கு 92 புள்ளி உள்ள திரையில் ‘ன’வும் ‘ள’வும் பிரித்துப் பார்க்கக் கண்ணைச் சுருக்க வேண்டும். 138-இல் அந்தச் சிரமம் இருக்காது.

எக்செலில் எவ்வளவு இடம் கிடைக்கும் என்பதையும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வழக்கமான ஒரு வரி 20 புள்ளி உயரம். மேலே உள்ள ரிப்பனும் (பொத்தான்கள் உள்ள பட்டை) கீழ்ப்பட்டையும் சேர்ந்து தோராயமாக 300 புள்ளி எடுத்துக்கொள்ளும். ஃபுல் எச்டியில் மிச்சம் 39 வரி. 32 அங்குல 4கே-ஐ விண்டோஸில் 150 சதவீத ஸ்கேலிங்கில் (எழுத்தையும் ஐகானையும் பெரிதாக்கும் அமைப்பு) வைத்தால் 57 வரி, 125 சதவீதத்தில் சுமார் 70. 150-இல் எழுத்தின் அளவு பழைய 24 அங்குல மானிட்டரில் பார்த்த அதே அளவுதான், கூர்மை மட்டும் கூடும். நாற்பதைத் தாண்டிய கண்ணுக்கு 150, இளையவர்களுக்கு 125. இந்த இரண்டு அளவுக்கும் பொருந்துவதால்தான் ஆழமான மேசைக்கு 32 அங்குல 4கே என்பது எங்கள் முதல் தேர்வு. இரண்டடி மேசைக்கு 27 அங்குல 4கே.

34 அங்குல அகலத் திரை, அதாவது 3440 × 1440, பக்கவாட்டில் நீளும் தாள்களுக்கு நல்லது. உயரம் 27 அங்குலத்தின் அளவே, கூர்மையும் 110 தான். 43 அங்குல 4கே-இல் ஸ்கேலிங்கே வேண்டாம், ஆனால் மேல் மூலைகளைப் பார்க்கத் தலையைத் தூக்க வேண்டியிருக்கும். மூன்றடி ஆழ மேசை இல்லாதவர்கள் அதை நினைக்க வேண்டாம்.

4கே டிவியை மானிட்டராக வைக்கலாமா என்று கேட்பவர்கள் அதிகம். பல டிவிகள் வண்ணத் தகவலைப் பாதியாகக் குறைத்துக் காட்டும். வெள்ளையில் கறுப்பு எழுத்து சரியாக இருக்கும், சிவப்புக் கட்டத்தில் நீல எண் எழுதினால் கலங்கிவிடும். லேப்டாப்பைக் கடைக்கே எடுத்துப்போய், எக்செலில் அப்படி ஒரு கட்டம் அடித்துப் பாருங்கள். பிசி மோடுக்கு மாற்றியும் தெளியவில்லை என்றால் வேண்டாம்.

பேனல் ஐபிஎஸ் வகையாக இருக்கட்டும். விஏ பேனலில் கறுப்பு ஆழமாக இருக்கும், ஆனால் பெரிய திரையின் ஓரங்கள் மங்கலாகத் தெரியும். பக்கத்தில் நிற்பவருக்குப் பட்டியலைக் காட்டவும் ஐபிஎஸ்தான் வசதி. 60 ஹெர்ட்ஸ் போதும், 300 நிட்ஸ் வெளிச்சம் போதும், மேற்பரப்பு மேட் வகையாக (பளபளக்காததாக) இருக்க வேண்டும். கேம் ஆடுபவர்களுக்கான 144 ஹெர்ட்ஸுக்கும் எச்டிஆருக்கும் காசு கொடுக்காதீர்கள்.

பில்லும் வாரண்டியும்

2025 செப்டம்பர் 22 முதல் எல்லா அளவு மானிட்டருக்கும் ஜிஎஸ்டி 18 சதவீதம். அதற்கு முன் 32 அங்குலத்துக்கு மேல் 28 இருந்தது. கம்பத்தில் பதிவு பெற்ற கடை, குமுளியிலோ கட்டப்பனையிலோ வாங்கும்போது பில்லில் கேரள எஸ்ஜிஎஸ்டி (மாநில ஜிஎஸ்டி) விழுந்துவிட்டால் தமிழ்நாட்டுப் பதிவில் அந்த உள்ளீட்டு வரி கிரெடிட்டை எடுக்க முடியாது. ஜிஎஸ்டி எண்ணும் தமிழ்நாட்டு டெலிவரி முகவரியும் கொடுத்து ஐஜிஎஸ்டி (மாநிலம் விட்டு மாநிலம் விற்கும்போதான ஜிஎஸ்டி) பில்லாகக் கேளுங்கள். அந்தப் பக்கத்துக்காரர் இங்கே வந்து வாங்கினாலும் இதே கதைதான்.

வீட்டுக்கே வந்து பார்க்கும் வாரண்டி என்று அட்டையில் போட்டிருக்கும். உங்கள் பின்கோடுக்கு வருவார்களா என்று வாங்கும் முன் நிறுவனத்தின் எண்ணில் கேளுங்கள். வரமாட்டார்கள் என்றால் 32 அங்குலப் பெட்டியை மதுரைக்கோ கோட்டயத்துக்கோ தூக்கிக்கொண்டு போக வேண்டிவரும். அட்டைப்பெட்டியையும் தெர்மகோலையும் வாரண்டி முடியும் வரை பரணில் வைத்திருங்கள்.

மாட்டிய அன்றே

பெட்டியைத் திறப்பதை ஃபோனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். திரை முழுக்கக் கறுப்பு, வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம் என்று ஒவ்வொன்றாகக் காட்டிச் செத்த புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றிரண்டு புள்ளிக்கு நிறுவனங்கள் மாற்றித் தரமாட்டா, கடைக்காரர் முதல் சில நாளில் மாற்றித் தரக்கூடும்.

செட்டிங்ஸில் சிஸ்டம், டிஸ்பிளே, அட்வான்ஸ்டு டிஸ்பிளே போய் 3840 × 2160, 60 ஹெர்ட்ஸ் என்று இருப்பதை உறுதிசெய்யுங்கள். 30 என்று இருந்தால் கேபிளை, போர்ட்டை, மானிட்டர் மெனுவில் உள்ள எச்டிஎம்ஐ பதிப்பு அமைப்பை, இந்த வரிசையில் பாருங்கள்.

பழைய பில்லிங் மென்பொருள் மங்கலாகத் தெரிந்தால் மானிட்டர் மேல் குறையில்லை. அந்த மென்பொருளுக்கு ஸ்கேலிங் தெரியாததால் விண்டோஸ் அதைப் படம் போல இழுத்துப் பெரிதாக்குகிறது. அதன் ஐகானில் ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், கம்பேட்டிபிலிட்டி, சேஞ்ச் ஹை டிபிஐ செட்டிங்ஸ் போய், கீழே உள்ள ஓவர்ரைடு கட்டத்தில் டிக் செய்து சிஸ்டம் என்ஹான்ஸ்டு தேர்ந்தெடுங்கள். மூடித் திறந்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும். விண்டோஸ் 11-இல் விண்டோஸ் விசையோடு இசட் அழுத்தினால் திரையைப் பிரிக்கும் கட்டங்கள் வரும். லாட் பட்டியலுக்குப் பாதி, டாலிக்குக் கால், பிரவுசருக்குக் கால் என்று பிரிப்பது ஏலநாளுக்குப் பொருந்தும்.

மின்சாரத்துக்கு 32 அங்குல 4கே 30 முதல் 50 வாட் எடுக்கும், 600 விஏ யுபிஎஸ் சாதாரண டெஸ்க்டாப்போடு சேர்த்துத் தாங்கும். யுபிஎஸ்ஸில் சில துளைகள் சர்ஜ் (திடீர் மின்னழுத்த ஏற்றம்) மட்டும் தடுப்பவை, பேட்டரி இராது. மானிட்டர் பிளக் பேட்டரி துளையில் இருக்கட்டும். ஐப்பசியில் மலையில் இடி இறங்கும் நாட்களில் வேலை முடிந்ததும் பிளக்கை மட்டுமல்ல, கணினிக்கு வரும் லேன் கேபிளையும் கழற்றுங்கள். ஒயர் வழி ஏறும் மின்னல் கணினிக்குள் புகுந்து, எச்டிஎம்ஐ கேபிள் வழியாக மானிட்டரின் போர்டையும் எரித்துவிடும்.