பங்குனி ஆமைக்குஞ்சு கடலுக்குப் போகையில் படமெடுக்க

சென்னைக் கடற்கரையில் ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் (ஆலிவ் ரிட்லி) கரையேறி முட்டையிடும். ஒரு குழிக்கு ஏறக்குறைய நூறு முட்டை. நாய்கள் தோண்டிவிடாமலிருக்க அவற்றை எடுத்து வேலி போட்ட பொரிப்பகத்தில் புதைத்து வைக்கிறார்கள். பெசன்ட் நகர்ப் பக்கம் 1988 முதல் மாணவர்கள் இதைச் செய்துவருகிறார்கள். வனத்துறையும் பொரிப்பகங்கள் நடத்துகிறது. 45 முதல் 60 நாளில் குஞ்சு வெளிவரும். மார்ச், ஏப்ரலில் போனால் பார்க்கலாம். ஆனால் நாள் குறித்துக்கொண்டு போக முடியாது. குஞ்சுகள் மணலுக்கு மேலே வந்தபிறகு தாமதிக்காமல் கடலுக்கு விட்டாக வேண்டும்.

கிளம்பும் முன் வீட்டிலேயே கேமராவில் வெளிச்சம் விடக்கூடிய எல்லாவற்றையும் அணையுங்கள். ஃபிளாஷை எல்லோரும் அணைத்துவிடுவார்கள். மறப்பது ஃபோகஸ் உதவி விளக்கை. ஷட்டர் பொத்தானைப் பாதி அழுத்தியதும் கேமராவின் முன்பக்கம் எரியுமே, அதுதான். படம் எடுத்ததும் திரையில் தானாகத் தெரிவதையும் நிறுத்துங்கள், திரையின் வெளிச்சத்தை ஆகக் குறைவாக வையுங்கள். போனில் ஃபிளாஷ் ‘ஆட்டோ’வில் இருந்தால் இருட்டியதும் அதுவே அடிக்கும், ‘ஆஃப்’ என்றே வைக்க வேண்டும்.

காரணம் இதுதான். இரவில் நிலப்பக்கத்தைவிடக் கடலின் அடிவானம் வெளிறித் தெரியும். குஞ்சு அந்த வெளிச்சத்தைப் பிடித்துத்தான் கடலுக்குப் போகிறது. பக்கத்தில் ஒரு விளக்கு எரிந்தால் அதை நோக்கித் திரும்பிவிடும். வயிற்றில் மிச்சமிருக்கும் மஞ்சள் கருவின் பலத்தில்தான் அது நடக்கிறது, பிறகு நீந்தவும் வேண்டும். கரையில் சுற்றவிட்டால் அந்தப் பலம் வீணாகும், நண்டுக்கும் இரையாகும்.

பொரிப்பகத்திலிருந்து குஞ்சுகளைக் கொண்டுவரும் கூடையைத் திறக்கும் முன்பே இடம் பிடித்து உட்கார்ந்துவிடுங்கள். கயிறு கட்டியிருந்தால் அதற்கு வெளியே, குஞ்சுகள் நடக்கும் பாதைக்குப் பக்கவாட்டில். அவற்றுக்கும் கடலுக்கும் நடுவே ஒருபோதும் வேண்டாம். அந்தப் பாதையில் நடந்து பார்க்கவும் வேண்டாம்: ஓடு 4 செ.மீ. நீளம்தான், உங்கள் குதிகால் பதிந்த பள்ளத்துக்குள் விழுந்தால் அது பக்கச்சுவரில் துடுப்பை அடித்து அடித்து அங்கேயே கிடக்கும். குப்புறப் படுத்து, அரிசி நிரப்பிய சிறு துணிப்பையை மணலில் வைத்து அதன்மேல் லென்ஸைச் சாய்த்தால் குஞ்சின் கண் மட்டத்துக்கு வரலாம். கேமராவுக்கு பிளாஸ்டிக் பை போட்டு ரப்பர் பேண்டால் கட்டுங்கள். கடற்கரையில் லென்ஸ் மாற்றவே மாற்றாதீர்கள்.

70-200 மி.மீ. ஜூம் லென்ஸ் போதும். ஃபுல் ஃபிரேம் (பெரிய சென்சார்) கேமராவில் 3 மீட்டர் தள்ளி 200 மி.மீ., லென்ஸ் திறப்பு எஃப் 2.8 வைத்தால் தெளிவாக விழும் ஆழம் ஏறக்குறைய 4 செ.மீ., கிட்டத்தட்ட ஓட்டின் நீளம். ஆகவே ஃபோகஸ் ஓட்டின் நடுவில் விழுந்தால் கண் மங்கும் வாய்ப்பு அதிகம். ஒற்றை ஃபோகஸ் புள்ளியைத் தலையில் வையுங்கள். கருத்த தலை ஈர மணலோடு ஒட்டிப்போவதால் கேமரா தடுமாறும். தலைக்கும் மணலுக்குமான விளிம்பில் பிடித்தால் நிற்கும். குஞ்சு நாலைந்து எட்டு வைத்துவிட்டு நின்று தலையைத் தூக்கும். அந்த நொடியில் ஷட்டர் வேகம் 1/125 நொடி போதும்; நடக்கும்போது 1/320 வேண்டும், இல்லாவிட்டால் துடுப்பு கரைந்துபோகும்.

மார்ச், ஏப்ரலில் ஆறேகால் தாண்டிச் சூரியன் மறையும். பிறகு இருபது நிமிடத்துக்குத்தான் வெளிச்சம். ஐஎஸ்ஓவை (கேமரா வெளிச்சத்தை உணரும் அளவு) 1600இல் தொடங்கி 6400 வரை ஏற்றுங்கள். அதுக்கும் மேல் போக வேண்டியிருந்தால் கேமராவை மூடிவிட்டுப் பார்ப்பதே நல்லது. பளபளக்கும் ஈர மணலைப் பார்த்து கேமராவின் வெளிச்ச மீட்டர் ஏமாறும், குஞ்சு கருப்புப் பொட்டாகிவிடும். எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவை) முக்கால் முதல் ஒரு ஸ்டாப் கூட்டுங்கள். ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: இங்கே கடல் கிழக்கே. சூரியன் உங்கள் முதுகுப்பக்கம் மறைவதால் சிவந்த சூரியனை நோக்கி நடக்கும் குஞ்சு மாலையில் கிடைக்காது. விடியலில் விட்டால் கிடைக்கும். மாலையில் கிடைப்பது நீலமும் இளஞ்சிவப்புமான ஈர மணல். என்னைக் கேட்டால் அதுவே அழகு. மணலில் துடுப்புத் தடம் இருபக்கமும் கோர்த்தாற்போல் தெரியும்.

போனில் நைட் மோடு பயன்படாது. ஒரு படத்துக்கு ஒன்றிரண்டு நொடி எடுத்துக்கொள்வதால் குஞ்சு இழுபட்ட கறையாக வரும். வெளிச்சம் இருக்கும்வரை வீடியோ எடுங்கள்.

அலை குஞ்சைத் திருப்பிக் கரையில் போட்டால் தொடாதீர்கள். அது மறுபடி நடக்கும். உள்ளங்கையில் வைத்துப் படம் எடுத்துத் தரச் சொல்பவர்களுக்கு மறுத்துவிடுங்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள உயிர் அது. ஒரு குஞ்சு நிலப்பக்கம் போவதைக் கண்டால் தன்னார்வலரைக் கூப்பிடுங்கள், நீங்களே எடுக்க வேண்டாம்.

தண்ணீருக்குள் இறங்கி எடுப்பதும் கூடாது. அலை தூக்கி வரும் குஞ்சுகள் நேராக உங்கள் காலடியில்தான் விழும். எல்லாம் போய்விட்டது என்று தோன்றினாலும் படுத்த இடத்திலிருந்து சட்டென்று எழாதீர்கள். தன்னார்வலர் வந்து உங்கள் முழங்கை, பை, செருப்பு ஓரமெல்லாம் பார்த்துச் சொன்னபிறகு, வந்த தடத்திலேயே காலை வைத்துத் திரும்புங்கள்.