'அட்வைஸ்': தப்பில்லாமல் ஆங்கில வாக்கியத்தில் எழுதுவது எப்படி?

'சும்மா அட்வைஸ் பண்ணாதே' என்ற பேச்சு கேட்காத வீடு இருக்காது. அந்தப் பழக்கத்தை அப்படியே ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகும்போதுதான் தப்பு வருகிறது. பெயர்ச்சொல், வினைச்சொல் வித்தியாசம் தெரியும் என்று வைத்துக்கொண்டு நேரே விஷயத்துக்குப் போவோம்.

படி 1: முன்னால் 'ஆன்', பின்னால் 'எஸ்' வேண்டாம்

ஆங்கிலத்தில் இது எண்ணிக்கைக்குள் வராத சொல். 'ஆன் அட்வைஸ்', 'மெனி அட்வைசஸ்' இரண்டுமே தப்பு. 'சம் அட்வைஸ்', 'எ லாட் ஆஃப் அட்வைஸ்' சரி. அறிவுரைகள் என்று 'கள்' போட்டுப் பழகிய கை, தானாக 'எஸ்' போடும். எழுதி முடித்ததும் அதை ஒருமுறை தேடிப் பாருங்கள்.

எண்ணிக்கை சொல்லியே ஆக வேண்டுமா? அரிசியை மணி மணியாக எண்ணாமல் படியால் அளப்பதுபோல, இங்கே 'பீஸ்' என்பதுதான் படி. 'டூ பீசஸ் ஆஃப் அட்வைஸ்': பன்மை பீஸுக்கு மட்டும், அட்வைஸ் அசையாது.

முதல் வாக்கியத்தைச் சரியாக எழுதிவிட்டு அடுத்ததில் வழுக்குபவர்கள் அதிகம். 'ஹிஸ் அட்வைஸ் வாஸ் குட்' என்று தொடங்கினால், பிறகு 'ஐ ஃபாலோட் இட்' என்றுதான் வர வேண்டும், 'தெம்' அல்ல.

படி 2: 'சி'யா, 'எஸ்'ஸா?

அதிகம் பேர் இடறுவது இங்கேதான். பெயர்ச்சொல்லில் கடைசிக்கு முந்தைய எழுத்து சி. வினைச்சொல்லில் அது எஸ். தமிழில் எழுதினால் இரண்டும் 'அட்வைஸ்'தான், நம் காதுக்கும் ஒன்றாகவே விழும். ஆங்கிலத்தில் ஒலியே வேறு. தொண்டையில் விரல் வைத்துச் சொல்லிப் பாருங்கள். பெயர்ச்சொல் 'ஐஸ்' போலச் சீறி முடியும், கடைசியில் தொண்டை அதிராது. வினைச்சொல்லின் முடிவில் வண்டு ரீங்கரிப்பதுபோல அதிர வேண்டும். 'வை' சற்று நீளும்.

எழுத்துக்கூட்டலுக்கு ஐஸையே பிடித்துக்கொள்ளுங்கள். ஐஸ் ஒரு பொருள். பெயர்ச்சொல்லின் கடைசி மூன்று எழுத்தும் அதே ஐ, சி, இ.

அப்போதும் சந்தேகமா? அந்த இடத்தில் பணத்தைக் குறிக்கும் 'மணி'யைப் போட்டுப் பாருங்கள். 'ஐ நீட் சம் மணி' பொருந்துகிறது, ஆகவே சி. 'டோல்ட்' பொருந்தினால் அது வினை: 'ஷி டோல்ட் மீ டு வெயிட்', ஆகவே 'அட்வைஸ்ட்', எஸ் போட்டு.

('பிராக்டிஸ்' என்ற சொல்லுக்கும் பிரிட்டிஷ் முறையில் இதே சி, எஸ் கணக்கு உண்டு. அமெரிக்கர்கள் அங்கே இரண்டுக்கும் சி போடுவார்கள். அட்வைஸுக்கு அந்தச் சலுகை இல்லை.)

படி 3: கூட வரும் வினை

தமிழில் அட்வைஸ் சொல்கிறோம், பண்ணுகிறோம். ஆங்கிலத்தில் 'டெல்', 'டூ' ஒட்டாது. 'கிவ்' மட்டும் போதும்.

'கேள்' இன்னும் சிக்கலான ஆள். 'அண்ணனிடம் அட்வைஸ் கேட்டேன்' என்றால் 'ஐ ஆஸ்க்ட் மை பிரதர் ஃபார் அட்வைஸ்'. 'ஃபார்' விடக் கூடாது. 'அண்ணன் அட்வைஸைக் கேட்டேன்', அதாவது அதன்படி நடந்தேன் என்றால், 'ஐ டுக் மை பிரதர்ஸ் அட்வைஸ்'. இங்கே 'ஹேர்ட்' போட்டால் காதில் விழுந்தது என்பதோடு நின்றுவிடும்.

எதில் சரிபார்ப்பது?

ஆங்கிலம்–தமிழ் அகராதி இதற்கு உதவாது. 'அறிவுரை' என்று பொருள் சொல்லிவிட்டு ஒதுங்கிவிடும். ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், லாங்மன் போன்றவற்றின் கற்போர் அகராதியைப் பாருங்கள். கேம்பிரிட்ஜில் சதுர அடைப்புக்குள் 'யூ' இருந்தால் எண்ண முடியாத சொல் என்று பொருள். வெறும் எழுத்துப்பிழை திருத்தியை நம்ப வேண்டாம்: சி, எஸ் இரண்டுமே அகராதிச் சொற்கள், எனவே இடம் மாறினாலும் சிவப்புக் கோடு விழாது.

பின்சேர்க்கை: அலுவலகத்தில் 'எ ரெமிட்டன்ஸ் அட்வைஸ்' என்று பார்த்துக் குழம்ப வேண்டாம். அது பணம் அனுப்பியதற்கான அறிவிப்புச் சீட்டு. அந்தப் பொருளில் எண்ணலாம், பன்மையும் உண்டு. டாக்டர் வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் டிஸ்சார்ஜ் வாங்கும்போது கையெழுத்துக் கேட்கும் தாளில் வரும் 'அகெய்ன்ஸ்ட் மெடிக்கல் அட்வைஸ்' பழைய விதிப்படிதான்.

பயிற்சி: 'அம்மா நிறைய அறிவுரைகள் சொன்னார், நான் அவற்றைக் கேட்கவில்லை.' மேலே சொன்ன பொறிகளில் பாதிக்குமேல் இதில் இருக்கின்றன. எழுதிவிட்டு ஒப்பிடுங்கள்:

'மை மதர் கேவ் மீ எ லாட் ஆஃப் அட்வைஸ், பட் ஐ டிட்ன்ட் டேக் இட்.'