ஆறு பழைய வாட்ச்சுக்குப் பிறகு ஒரு புதுசு

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டுக்கு வந்த கடிகாரம் ஒவ்வொன்றும் வேறு யாரோ கட்டிக் கழற்றியதுதான். அப்பா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். தோட்டத்துக் கிராணி (கணக்குப் பிள்ளை) புதுசு வாங்கியபோது கழற்றிக் கொடுத்த சீக்கோ 5 வாட்ச் அவருக்குக் கடைசிவரை ஓடியது. அதைப் பார்த்துத்தான் இருட்டோடு பெரட்டுக்கு, அதாவது காலை ஆள் கணக்கெடுப்புக்கு, கிளம்புவார். செம்பனை ஆலையில் மெக்கானிக்காகச் சேர்ந்த பிறகு நானும் அதே வழியில்தான் போனேன். இருபது வருஷத்தில் ஆறு வாட்ச், ஆறும் கைமாறியவை. போன வருஷம்தான் முதல் தடவையாகப் புத்தம் புதுசு வாங்கினேன்: டியூடர் பிளாக் பே 58, கறுப்பு முகம். புதுசு எப்படி வாங்குவது என்று ஆலையில் கேட்பவர்களுக்குத் தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது. அதனால் எழுதி வைக்கிறேன்.

முதலில் ஒன்று. பழசு வாங்கிப் பழகியவருக்குப் புதுசு வாங்கத் தெரியாது. நம் கண் பொய்யைத் தேடியே பழகிவிட்டது. பாலிஷ் போட்டு விளிம்பு மழுங்கியிருக்கிறதா, முகத்துக்கு மறுபடி வண்ணம் பூசியிருக்கிறார்களா, முள் மூன்றும் ஒரே காலத்ததா என்றுதான் பார்ப்போம். இத்தனை பார்த்தும் ஏமாந்திருக்கிறேன். 2,800 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்து வாங்கிய டைவர் ஒன்று, அதாவது தண்ணீரில் முங்கக் கட்டும் வாட்ச், '200 மீட்டர் தாங்கும்' என்ற சத்தியத்தோடு வந்தது. ஆற்றில் ஒரே முங்கு. கண்ணாடிக்கு உள்ளே பனி மூட்டம். முன்னே யாரோ திறந்து, பொருந்தாத ரப்பர் வளையத்தைப் போட்டு மூடியிருந்தார்கள். புதுசில் இந்தப் பயம் இல்லை. ஆனால் பார்க்க வேண்டியவை வேறு.

பணத்தை வீட்டிலேயே முடிவு செய்துவிட்டுப் போங்கள். கடையில் அந்த விளக்கு வெளிச்சத்தில் எந்த முடிவும் எடுக்கக் கூடாது. ஆறில் நாலை விற்றேன், மீதியை இரண்டு வருஷ ஓவர்டைமில் சேர்த்தேன். தவணையில் வாங்காதீர்கள் என்பது என் கட்சி. தவணையில் வாங்கியவர்களும் நல்ல மனிதர்கள்தான்.

ஏன் டியூடர்? ரோலெக்ஸை உண்டாக்கிய அதே ஹான்ஸ் வில்ஸ்டார்ஃப் 1926இல் பதிவு செய்வித்த பெயர் இது. கைக்கு எட்டுகிற விலையில் நல்ல கடிகாரம் என்பதுதான் அவர் கணக்கு. 58 என்பது, 200 மீட்டர் ஆழம் தாங்கிய டியூடர் டைவர் வந்த 1958ஐக் குறிக்கிறது. எனக்கு அதைவிட முக்கியம், அதில் தேதிக் கட்டம் இல்லை. கெட்டுப்போக ஒரு சாமான் குறைவு.

கடை விஷயத்தில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். கம்பெனி அங்கீகரித்த கடைகளின் பட்டியல் அவர்கள் இணையதளத்திலேயே இருக்கிறது. வேறு கடைகளிலும் கட்டாத வாட்ச் விலை குறைவாகக் கிடைக்கும், சாமானும் அசலாகவே இருக்கலாம். ஆனால் உத்தரவாதத்தைக் கம்பெனி ஏற்குமா, கடைக்காரர் மட்டும் ஏற்பாரா என்று எழுத்தில் கேளுங்கள். டியூடருக்கு 5 வருஷ உத்தரவாதம். பதிவு எதுவும் தேவையில்லை, நாளைக்கு மகனுக்குக் கொடுத்தாலும் மீதிக் காலம் செல்லும். உத்தரவாத அட்டையில் நீங்கள் வாங்கிய தேதி விழ வேண்டும். என்னுடைய பழைய வாட்ச் ஒன்றின் அட்டையில் 2011இல் சிங்கப்பூரில் யாரோ வாங்கிய தேதி இருந்தது. அது என் வாட்ச் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

நான் ஈப்போவில் ஈ.டி.எஸ். ரயில் பிடித்துக் கோலாலம்பூர் போனேன். காலையில் நன்றாகப் பசியாறிவிட்டுப் போங்கள், மத்தியானத்தில் கட்டிப் பாருங்கள். நம் ஊர் வெயிலில் மணிக்கட்டு கொஞ்சம் உப்பும், அந்த அளவுக்குத்தான் சங்கிலி பொருந்த வேண்டும். குறுக்களவு 41 மில்லிமீட்டர் உள்ளதும் கட்டினேன், 39உம் கட்டினேன். பட்டை கோக்கும் கொம்புகள் மணிக்கட்டுக்கு வெளியே நீட்டினால் அது உங்கள் அளவு இல்லை. எனக்கு 39. கண்ணாடிப் பெட்டியில் இருந்ததை எடுத்துக் கொடுத்தபோது, உள்ளே வேறு இருக்கிறதா என்று கேட்டேன். அந்தப் பெண் சிரித்துவிட்டு ஒரு பெட்டி கொண்டு வந்தாள். "இது இன்னும் யாரும் கட்டாதது, அங்கிள்" என்று மலாயில் சொன்னாள். அந்த வார்த்தைக்குத்தான் இத்தனை வருஷம் காத்திருந்தேன் போல. தொண்டை கொஞ்சம் அடைத்தது. ஏர்கான் குளிர் என்று சொல்லிக்கொண்டேன்.

அப்போதும் பத்து நிமிஷம் எடுத்துப் பாருங்கள். வெளிவளையம் ஒரே பக்கம்தான் சுற்றும், ஒரு சுற்றுக்கு 60 சொடுக்கு. அதன் முக்கோணம் 12க்கு நேராக நிற்கிறதா? சாவியை, அதாவது பக்கத்தில் உள்ள திருகை, அவிழ்த்து வெளியே இழுத்தால் வினாடி முள் நிற்க வேண்டும். பிறகு சாவி பிசிறில்லாமல் மரையில் ஏற வேண்டும். வாட்ச்சில் உள்ள எண்ணும் அட்டையில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று நீங்களே படியுங்கள்.

சங்கிலியில் கண்ணி கழற்றினால், கழற்றியதை எண்ணி வாங்கிக்கொள்ளுங்கள். பழசு வாங்கி நான் பட்ட பாட்டில் பாதி இதுதான். முன்னே கட்டியவர் ஒல்லி. கழற்றிய கண்ணிகளை அவர் எங்கே போட்டாரோ, நான் இரண்டு மாதம் தேடினேன். ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக்கை நீங்களே உரிக்கிறேன் என்று சொல்லுங்கள், விடுவார்கள். நான் மெதுவாக உரித்தேன்.

வீட்டுக்கு வந்ததும் சாவித் திருகைத் திறந்து முப்பது நாற்பது சுற்று கொடுங்கள். முழுதாக ஏறிவிட்டால் கழற்றி வைத்தாலும் 70 மணி நேரம் ஓடும். வெள்ளிக்கிழமை மாலை மேசையில் வைத்தால் திங்கள் காலையில் எடுத்துக் கட்டலாம். தண்ணீரில் இறங்குமுன் திருகை இறுக்கியே தீர வேண்டும். இதை மறந்தால் 200 மீட்டரும் பேச்சுதான். ஒரு நாளைக்கு 2 வினாடி பிந்தலாம், 4 வினாடி முந்தலாம் என்பது கம்பெனிக் கணக்கு. என்னுடையது 2 முந்துகிறது. தினமும் ஃபோனோடு ஒப்பிடும் பழைய நோய் இன்னும் போகவில்லை.

பத்தொன்பதாம் நாள் ஆலைக் கதவுத் தாழ்ப்பாளில் இடித்து முதல் கீறல் விழுந்தது. அன்று இரவு சரியாகத் தூங்கவில்லை. மறுநாள் பார்த்தால், ஏழு வாட்ச்சில் நானே போட்ட கீறல் என்று உறுதியாகச் சொல்ல முடிவது அது ஒன்றுதான். சர்வீஸுக்குக் கொடுக்கும்போது பாலிஷ் போடவா என்று கேட்டால் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள். மழுங்கின விளிம்பைப் பார்த்துத்தானே இத்தனை வருஷம் அடுத்தவர் வாட்ச்சைக் குறை சொன்னோம்.