நிலவில் 15 பொருட்கள்: குழு முடிவுப் பயிற்சியை நான் நடத்தும் விதம்

குழுவாக முடிவெடுப்பதையும் பேரம் பேசுவதையும் வகுப்பில் கற்றுத்தர நான் திரும்பத் திரும்ப எடுப்பது பழைய நிலவுப் பயிற்சியைத்தான். விண்கலம் பழுதாகி, போய்ச் சேர வேண்டிய தாய்க்கலத்திலிருந்து சுமார் 320 கிலோமீட்டர் தள்ளி நிலவில் இறங்கிவிட்டீர்கள். உடையாமல் மிஞ்சியவை 15 பொருட்கள். எது முக்கியம் என்று 1 முதல் 15 வரை வரிசைப்படுத்த வேண்டும். ஒவ்வொரு பொருளுக்கும் நீங்கள் போட்ட எண்ணுக்கும் நாசா தந்த எண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கூட்டினால் அதுதான் மதிப்பெண். எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது.

முதல் 10 நிமிடம் யாரும் வாய் திறக்கக் கூடாது. தனித்தனியாக, பேனாவில் எழுத வேண்டும். பென்சில் கூடாது என்பதில் நான் கறாராக இருப்பேன். உளவியலாளர் சாலமன் ஆஷ் 1950-களில் செய்த பரிசோதனைகளில், கண்ணுக்கு நேராகத் தெரியும் கோட்டின் நீளத்தையே மற்றவர்கள் தப்பாகச் சொல்வதைக் கேட்டுப் பலர் தாங்களும் தப்பாகச் சொன்னார்கள். பதிலை ரகசியமாக எழுதச் சொன்னபோது அந்த ஒத்துப்போதல் வெகுவாகக் குறைந்தது. அழிக்க முடியாத தாள் ஒன்று கையில் இருந்தால், ஒருவர் எங்கே வளைந்தார் என்பது பிறகு தெரியும்.

அப்புறம் ஐந்து ஐந்து பேராகப் பிரித்து 30 நிமிடம். இங்கேதான் முழு பாடமும் இருக்கிறது. ஒரு முறை நடந்ததைச் சொல்கிறேன்.

ஒரு குழுவில் நான்கு பேர் காந்தத் திசைகாட்டியை முதல் ஐந்துக்குள் போட்டிருந்தார்கள். ஒரு மாணவி மட்டும் 14. "நிலாவில் பூமி மாதிரி காந்தப்புலம் இல்லையே" என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். "வழி தெரியாமல் எப்படிப் போவது?" என்றான் எதிரே இருந்தவன். எல்லோரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். தன் தாளில் 14-ஐ அடித்துவிட்டு 4 என்று எழுதிக்கொண்டாள். குழுவின் பட்டியலிலும் 4. நாசாவின் விடை 14. அந்த ஒரு பொருளிலேயே 10 புள்ளி போயிற்று.

கூட்டிப் பார்த்தபோது தனித்தனி மதிப்பெண்கள் 30, 38, 44, 52, 56. சராசரி 44. குழுவின் மதிப்பெண் 34. சராசரியைவிட நன்றாக வந்துவிட்டது என்று கைதட்டினார்கள். "30 யாருடையது?" என்று கேட்டேன். பிறகு மாற்றிய எண்களை விட்டுவிட்டு முதலில் எழுதியவற்றைக் கூட்டியபோது வந்த கணக்கு அது. அவளுடையதுதான்.

இது அந்தக் குழுவின் குறை மட்டும் இல்லை. 1985-இல் ஸ்டாசர், டைட்டஸ் என்ற இரு உளவியலாளர்கள் காட்டியது இதற்குப் பக்கத்து விஷயம்: எல்லோருக்கும் தெரிந்ததைத்தான் குழு அதிகம் பேசும்; ஒருவருக்கு மட்டும் தெரிந்தது மேலே வராமலே போய்விடும். அதனால் எண்ணைச் சொல்லும் முன் காரணத்தைச் சொல்ல வேண்டும் என்று இப்போது விதி வைத்திருக்கிறேன். "ஆக்சிஜன் தொட்டிகள் கனமாச்சே, எப்படித் தூக்குவது?" என்று ஒருவர் கேட்டால், "அங்கே எடை ஆறில் ஒரு பங்குதான்" என்று இன்னொருவர் சொல்ல இடம் கிடைக்கும். "எனக்கு 1, உனக்கு 6" என்று எண்களை வீசிக்கொண்டிருந்தால் அந்த வாக்கியம் வரவே வராது.

ஓட்டெடுப்பு, சராசரி, காசு சுண்டுதல் மூன்றும் கிடையாது. இந்த விதி என்னுடையதல்ல, இந்தப் பயிற்சியை உருவாக்கிய ஜே ஹாலுடையது. சண்டை வேண்டாம் என்பதற்காக மட்டும் விட்டுக்கொடுக்காதே என்பதும் அவர் விதிதான். 1970-இல் அவரும் வாட்சனும் வெளியிட்ட ஆய்வில், இப்படி அறிவுரை பெற்ற குழுக்கள் பெறாதவற்றைவிட நன்றாகச் செய்தன.

குழுவின் பட்டியலை எழுதும் பேனா யார் கையில் என்பதையும் பாருங்கள். பேசாதவர்களை உள்ளே இழுக்கலாம் என்று முன்பெல்லாம் அவர்களிடம் கொடுப்பேன். எழுதும் வேலையிலேயே மூழ்கி இன்னும் அமைதியாகிவிட்டார்கள். இப்போது அதிகம் பேசுபவரிடம் கொடுக்கிறேன். அவர் கை எழுதும்போது மற்றவர்கள் வாய்க்கு வேலை கிடைக்கிறது.

அடுத்தது பேரம். இரண்டு குழுக்கள் பேசி ஒரே பட்டியலுக்கு வர வேண்டும்; குழுவுக்கு ஒரு பிரதிநிதி, 15 நிமிடம். அனுப்பும் முன் குழு அவரிடம் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: எந்த மூன்று பொருட்களில் இறங்கி வரக் கூடாது, ஏன். மற்ற பன்னிரண்டும் அவர் விருப்பம். 15-லும் இறங்காதே என்று சொல்லி அனுப்பினால் அவர் வெறும் தபால்காரர்.

ஒரு தடவை ரப்பர் படகுக்கு ஒரு குழு 4, இன்னொரு குழு 12. இரண்டு பிரதிநிதிகளும் ஒரு நிமிடத்தில் கைகுலுக்கி 8 என்று முடித்தார்கள். நாசாவின் எண் 9. தப்பான வழியில் போய்ச் சரியான இடத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டார்கள். அதனால் எதையும் கற்றுக்கொள்ளவில்லை. படகின் கரியமில வாயு உருளைகளை உந்துவிசைக்குப் பயன்படுத்தலாம் என்ற பேச்சே அங்கே எழவில்லை.

மாறாக இன்னொரு ஜோடி. ஒருவர் பாராசூட் துணி மேலே வர வேண்டும் என்கிறார், மற்றவர் நைலான் கயிறு. ஐந்து நிமிடம் இழுபறி. பிறகு ஒருத்தி கேட்டாள்: "துணியை வைத்து என்ன செய்யப் போகிறீர்கள்?" தொட்டிகளைக் கட்டி இழுக்க. கயிறு கேட்டவருக்கும் அதே வேலைதான். சரி, கட்டி இழுக்கக் கயிறே போதும் என்று அதை மேலே ஏற்றினார்கள். துணி வெயிலுக்கு மறைப்பாக இரண்டு இடம் கீழே போனது. நாசாவின் வரிசையிலும் கயிறு 6, துணி 8.

விடைத்தாளைப் பேரம் முடியும்வரை காட்டாதீர்கள். ஒருமுறை அவசரப்பட்டு முன்பே கொடுத்தேன், மிச்ச நேரம் முழுக்க வகுப்பு நாசாவோடு சண்டை போட்டது. கடைசியில் கொடுத்தாலும் தீப்பெட்டியை 15-இல் போட்டதை ஒத்துக்கொள்ளாத ஒருவர் எப்போதும் இருப்பார். காற்றில்லாத இடத்தில் தீக்குச்சியை எதற்கு உரசுவீர்கள் என்று கேட்டுவிட்டு, அவருக்கு இரண்டு நிமிடம் கொடுப்பேன்.