நீரிழிவு நோயாளியைச் சிறுநீரக வைத்திய நிபுணரிடம் எப்போது அனுப்ப வேண்டும்?

கால் வீங்கிய பிறகு சிறுநீரக வைத்திய நிபுணரைப் பார்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் கொழும்பிலும் பல வீடுகளில் இன்னும் இருக்கிறது. நீரிழிவினால் வரும் சிறுநீரகப் பாதிப்பு வலியோ வீக்கமோ இல்லாமல் பல ஆண்டுகள் முற்றக்கூடியது என்பதால், போக வேண்டிய நேரத்தைக் கிளினிக் கொப்பியில் உள்ள எண்களிலேயே தேட வேண்டும்.

பார்க்க வேண்டியவை இரண்டு: இரத்தத்திலுள்ள கிரியேட்டினின் என்ற கழிவுப்பொருளின் அளவிலிருந்து கணிக்கப்படும் ஈ.ஜி.எப்.ஆர் (சிறுநீரகம் இரத்தத்தை வடிகட்டும் வேகம்; குறையக் குறையப் பாதிப்பு அதிகம்), சிறுநீரில் கசியும் அல்புமின் என்ற புரதத்தைக் காட்டும் அல்புமின்–கிரியேட்டினின் விகிதம். இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர் நோய் கண்டறியப்பட்ட நாள் முதலும், முதலாம் வகை உள்ளவர் 5 ஆண்டுகளுக்குப் பின்னரும் இவற்றை ஆண்டுதோறும் செய்விக்க வேண்டும். கிரியேட்டினின் அளவை மட்டும் பார்த்தால் போதாது: அது டெசிலீட்டருக்கு 1.3 மில்லிகிராம் என்றால் 30 வயது ஆணுக்கு ஈ.ஜி.எப்.ஆர் ஏறத்தாழ 75; அதே 1.3 உள்ள 65 வயதுப் பெண்ணுக்கு அது 45 அளவுதான். சில ஆய்வுகூடங்கள் அதே அளவை வேறு அலகில் 115 என்று அச்சிடுவதால், அறிக்கையைக் கண்டு பதறியவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். இயன்றவரை ஒரே ஆய்வுகூடத்தில் பரிசோதிப்பது நல்லது.

ஈ.ஜி.எப்.ஆர் 30க்குக் கீழே இறங்கினால் தாமதிக்கவே கூடாது. அல்புமின் விகிதம் கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் தொடர்ந்து நின்றாலும் அனுப்ப வேண்டும். ஆனால் காய்ச்சலும் சிறுநீர்த் தொற்றும் அதைத் தற்காலிகமாக உயர்த்தும் என்பதால், ஒரு முடிவை மட்டும் நம்பாமல் மீண்டும் பரிசோதிக்க வேண்டும். நான்கு மருந்துகளுக்கும் அடங்காத இரத்த அழுத்தம், மீண்டும் மீண்டும் உயரும் பொட்டாசியம் ஆகியவையும் போதிய காரணங்கள்.

அதிகம் தவறவிடப்படுவது இறங்கும் வேகம். மூன்று ஆண்டுகளில் ஈ.ஜி.எப்.ஆர் 62, 55, 47 என்று கொப்பியில் இருந்தால், 30க்கு இன்னும் தூரம் இருக்கிறது என்று ஆறுதல் கொள்வது பெரும் பிழை. ஆண்டுக்கு 5க்கு மேல் தொடர்ந்து குறைவதே நிபுணரிடம் செல்லப் போதுமானது. கண் விழித்திரையில் நீரிழிவின் அடையாளமே இல்லாதபோது சிறுநீரில் அல்புமின் மிகுந்திருந்தாலும், சிறுநீரில் இரத்தம் தென்பட்டாலும், வேறொரு சிறுநீரக நோய் மறைந்திருக்கக்கூடும். அதன் சிகிச்சையே வேறு என்பதால், எல்லாவற்றையும் சீனி வருத்தத்தின் கணக்கில் எழுதிவிடுவது ஆபத்தானது.

எனலாப்ரில், லொசார்டன் போன்ற இரத்த அழுத்த மருந்து தொடங்கி நான்கு வாரங்களுக்குள் கிரியேட்டினின் 30 சதவீதம் வரை உயர்வது எதிர்பார்க்கக்கூடியதே. வைத்தியரைக் கேளாமல் மருந்தை நிறுத்த வேண்டாம். ஆனால் சிறுநீர் திடீரெனக் குறைந்து மூச்சு முட்டினால், கிளினிக் திகதிக்குக் காத்திராமல் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்ல வேண்டும்.

கொழும்புத் தேசிய வைத்தியசாலைக்கோ மாளிகாவத்தைச் சிறுநீரக நிறுவனத்துக்கோ போகும்போது, கிளினிக் வைத்தியரின் கடிதத்துடன் திகதி வரிசையில் அடுக்கிய அறிக்கைகள், ஸ்கேன், கண் பரிசோதனை முடிவு, வலி மாத்திரையும் நாட்டு மருந்தும் உட்பட உட்கொள்ளும் அனைத்தின் பட்டியல் ஆகியவற்றைக் கொண்டு செல்லுங்கள். ஈ.ஜி.எப்.ஆர் 30க்குக் கீழே வந்தவர், எழுதாத கையின் இரத்த நாளத்தில் ஊசி குத்த வேண்டாம், புறங்கையில் இரத்தம் எடுங்கள் என்று தாதியரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். டயாலிசிஸ் தேவைப்பட்டால் அதற்காக இரத்த நாளங்களை இணைக்கும் சத்திரசிகிச்சை இணைப்பு போடுவது பெரும்பாலும் அந்தக் கையில்தான், அது பயன்பாட்டுக்குத் தயாராகவும் பல வாரங்கள் ஆகும்.