ரெசல்யூஷனில் கை வைப்பதற்கு முன்னால்

அத்தை பையன் புதிதாக ஒரு பிசி கட்டினான். இரண்டாம் நாளே போன். "அண்ணா, 1440பி-யில் ஓடவே மாட்டேங்குது. 1080-க்கு இறக்கினேன், 720-க்கும் இறக்கிட்டேன், இன்னும் 25 எஃப்பிஎஸ்தான்." (1440, 1080, 720 என்பவை ரெசல்யூஷன், அதாவது திரையில் மேலிருந்து கீழாக எத்தனை பிக்சல் என்பது. எஃப்பிஎஸ் என்பது ஒரு நொடிக்குத் திரையில் வரும் பிரேம்கள், அதாவது படங்கள்.) கிராபிக்ஸ் கார்டு நல்ல கார்டு. கேபினட்டின் பின்பக்கத்தை போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். எச்டிஎம்ஐ கேபிள் மேலே யுஎஸ்பி போர்ட்டுகளுக்குப் பக்கத்தில், மதர்போர்டில் செருகியிருந்தது. கீழே கிராபிக்ஸ் கார்டின் நான்கு போர்ட்டுகளும் மூடி கூடக் கழற்றாமல் காலியாக இருந்தன. அவ்வளவு நேரமும் கேமை இழுத்தது சிபியு-வுக்குள் இருக்கும் சின்ன கிராபிக்ஸ்தான்.

சிரிக்க வேண்டாம், நிறையப் பேர் செய்வதுதான். ஆனால் நான் சொல்ல வந்தது கேபிளைப் பற்றி இல்லை. கேம் திணறியதும் காரணம் தேடாமல் கை நேராக ரெசல்யூஷனுக்குப் போகிறதே, அதைப் பற்றி.

ஒவ்வொரு பிரேமுக்கும் இரண்டு பேர் உழைக்கிறார்கள். எதிரி எங்கே நிற்கிறான், குண்டு எங்கே பட்டது, எதையெல்லாம் வரைய வேண்டும் என்று கணக்குப் போடுவது சிபியு. அதைப் பிக்சல் பிக்சலாக வரைவது கிராபிக்ஸ் கார்டில் இருக்கும் ஜிபியு. ரெசல்யூஷனை ஏற்றினால் சுமை ஏறுவது கிட்டத்தட்ட முழுக்க ஜிபியு மேல்தான். சிபியு மூச்சு வாங்கும்போது ரெசல்யூஷனைக் குறைப்பது, அடுப்பில் சோறு வேகவில்லை என்பதற்காகப் பரிமாறுகிற ஆளை மாற்றுவது மாதிரி. படம் மங்கியதுதான் மிச்சம்.

எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் போல ஒரு கண்காணிப்பு மென்பொருளைப் போட்டு, விளையாடும்போதே திரை ஓரத்தில் ஜிபியு எத்தனை சதவீதம் ஓடுகிறது என்று பாருங்கள். 95-க்கு மேலேயே நின்றால் ஜிபியு முழு மூச்சில் இருக்கிறது, ரெசல்யூஷனைக் குறைத்தால் பலன் உண்டு. எஃப்பிஎஸ்-க்கு எந்த வரம்பும் வைக்காமலேயே ஜிபியு 60, 70 சதவீதம் என்று அலைந்தால், பெரும்பாலும் அது சிபியு-வுக்காகக் காத்திருக்கிறது. சிபியு 35 சதவீதம்தானே காட்டுகிறது என்று ஏமாந்துவிடாதீர்கள். அது சிபியு-வுக்குள் தனித்தனியாக வேலை செய்யும் எல்லா கோர்களின் சராசரி. ஒரே ஒரு கோர் நிரம்பினாலும் கேம் அதற்காக நிற்கும். வாலரன்ட் மாதிரி லேசான கேம்களை நல்ல கார்டில் ஆடினால் பெரும்பாலும் இந்தக் கதைதான். அப்போது குறைக்க வேண்டியது கூட்டத்தின் அடர்த்தியையும் எவ்வளவு தூரம் வரைக்கும் வரைவது என்பதையும். ராம் ஒரே குச்சியாக இருந்தால் இரண்டாகப் போடுவதும் உதவும்.

சரி, ஜிபியு-தான் திணறுகிறது என்றே வைத்துக்கொள்வோம். 1440பி மானிட்டரில் விண்டோஸையோ கேமையோ 1080-க்கு இறக்குவது மோசமான வழி. ஒரு பிக்சலை நீளத்திலும் அகலத்திலும் ஒன்றேகால் பிக்சலுக்கும் சற்று அதிகமான இடத்தில் விரிக்க வேண்டியிருப்பதால் எழுத்து, மேப், குறி எல்லாம் கொழகொழவென்று ஆகிவிடும். (4கே, அதாவது 2160பி மானிட்டரில் இந்தத் தொல்லை குறைவு. 1080 சரியாக இரண்டு மடங்கில் பொருந்தும்.) ரெசல்யூஷனை மானிட்டருக்கு உரியதிலேயே விட்டுவிட்டு, கேமுக்குள் இருக்கும் ரெண்டர் ஸ்கேலை (காட்சியை எவ்வளவு பெரிதாக வரைவது என்ற அளவை) குறையுங்கள். காட்சி மட்டும் கொஞ்சம் மென்மையாகும், எழுத்து கூராகவே இருக்கும்.

டிஎல்எஸ்எஸ், எஃப்எஸ்ஆர், எக்ஸ்இஎஸ்எஸ் என்று கேம் செட்டிங்ஸில் வரும் மூன்றும் இதையே புத்திசாலித்தனமாகச் செய்கின்றன. சின்னதாக வரைந்து, முந்தைய பிரேம்களில் இருக்கும் விவரத்தையும் சேர்த்துப் பெரிதாக்குகின்றன (எஃப்எஸ்ஆரின் முதல் பதிப்பு முந்தைய பிரேம்களைத் தொடாது). இங்கே நடக்கிற தவறு, 1080பி மானிட்டரில் பெர்ஃபாமன்ஸ் மோடைப் போடுவது. டிஎல்எஸ்எஸ்ஸிலும் எஃப்எஸ்ஆரிலும் அந்த மோடு நீளம் அகலம் இரண்டையும் பாதியாக்கும். 4கே-யில் போட்டால் உள்ளே 1080பி ஓடும், தாராளமாகப் போதும். 1080-ல் போட்டால் உள்ளே ஓடுவது 960 x 540. அதில் எந்த மாயமும் செல்லாது, இலையும் முடியும் நெளியும். 1080-க்கு குவாலிட்டி மோடைத் தாண்டாதீர்கள் என்பது என் கணக்கு.

பிரேம் ஜெனரேஷன் (பிரேம்களுக்கு நடுவே புதுப் பிரேம்களைத் தானே உருவாக்கிச் செருகுவது) வேறு சங்கதி. 30-ஐ 60 ஆகக் காட்டும், ஆனால் மவுஸுக்கு அந்த 30-ன் மந்தம் அப்படியே இருக்கும், இன்னும் கொஞ்சம் கூடவும் செய்யும். சொந்தமாக 60-ஐத் தொடுகிற கேமில் மட்டும் போட்டுப் பாருங்கள்.

இதையெல்லாம் தொடுவதற்கு முன்னால் கிராபிக்ஸ் செட்டிங்ஸில் அல்ட்ராவை விட்டு இறங்கலாம். நிழல், மூடுபனி, பிரதிபலிப்பு, ஒளியின் பாதையைக் கணக்கிடும் ரே டிரேசிங், இவைதான் எஃப்பிஎஸ்-ஐத் தின்பவை. நிழலை அல்ட்ராவிலிருந்து ஹை-க்கு இறக்கினால், ஓடிக்கொண்டே சுடும்போது யாருக்கும் தெரியாது. டெக்ஸ்சரை (பொருள்களின் மேல் ஒட்டப்படும் படங்களை) மட்டும் அவசரப்பட்டுக் குறைக்காதீர்கள். கார்டின் சொந்த நினைவகமான வீ-ராமில் இடம் இருக்கும் வரை அது வேகத்தை அதிகம் கெடுக்காது, குறைத்தால் சுவரும் துணியும் களிமண் போல ஆகிவிடும். வீ-ராம் நிரம்பி வழிந்தால் மட்டும் கதை மாறும். சராசரி நன்றாக இருக்கும்போதே நடுநடுவே வெட்டி வெட்டி இழுத்தால், முதலில் அங்கே பாருங்கள்.

மானிட்டர் வாங்கும்போதும் ஒரு கணக்கு தப்புகிறது. 1080-லிருந்து 1440-க்கு மூன்றில் ஒரு பங்குதானே ஏற்றம் என்று தோன்றும். ஆனால் 1080பி-யில் ஏறக்குறைய 20.7 லட்சம் பிக்சல், 1440பி-யில் 36.9 லட்சம், அதாவது முக்கால் பங்குக்கும் மேல் ஏற்றம். 4கே-யில் 82.9 லட்சம். கார்டு எதைத் தாங்கும் என்று பார்த்துவிட்டு அப்புறம் மானிட்டருக்குப் போவது நல்லது.

அத்தை பையனைச் சொல்லிவிட்டு என்னுடையதை மறைப்பானேன். 144 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 144 முறை திரையைப் புதுப்பிக்கும்) மானிட்டர் வாங்கி, எஃப்பிஎஸ் 140 காட்டுகிறதே, கண்ணுக்கு ஒன்றும் வித்தியாசம் தெரியவில்லையே என்று மாதக்கணக்கில் முழித்திருக்கிறேன். விண்டோஸ் டிஸ்ப்ளே செட்டிங்ஸில், அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே என்ற பக்கத்தில், ரெஃப்ரெஷ் ரேட் அத்தனை நாளும் 60-லேயே உட்கார்ந்திருந்தது.